கழுத்து நின்றுவிட்டது, சீட்டைத் திருப்பலாமா?

போன வருஷம் தை மாதம். மன்னார்குடியிலிருந்து கும்பகோணத்துக்கு ஒரு கல்யாணத்துக்காகத் தம்பி குடும்பம் கிளம்பியது. நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிவிட்டார்கள். அந்தக் கேட்டில் நின்று பழகியவர்களுக்குத் தெரியும், ஒரு ரயில் போனதும் திறந்துவிடுவார்கள் என்று நம்பி வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. இன்ஜினை அணைத்ததும் ஏசி நின்றது. பின்சீட்டில் கார் சீட்டுக்குள் இருந்த பிள்ளை அழ ஆரம்பித்தான். அவன் வண்டியின் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தான். பெரிய சீட்டின் சாய்மானத்தில் பாதம் முட்டி, முழங்கால் தவளைக்கால் மாதிரி மடங்கியிருந்தது.

பக்கத்தில் என் அம்மா. பிள்ளைக்கு அப்பாயி. "ஆண்டு நெறவு முடிஞ்சு ஒரு மாசம் ஆவுது. கழுத்து எப்பவோ நின்னுருச்சு. இன்னும் எதுக்குடா புள்ளைய முதுகு காட்டி உட்கார வச்சிருக்க? நம்மள மாதிரி முன்னாடி பாத்து உட்கார வையேன்."

தம்பி எனக்குப் போன் போட்டான். "அக்கா, திருப்பிடவா? அம்மா சொல்றதும் சரியாத்தான் இருக்கு."

இப்போது வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் கேட் திறந்துவிட்டது. அன்று பாதியில் நின்ற பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன். டெல்டாவில் கார் வாங்கும் இளம் குடும்பங்கள் பெருகிவிட்டன. குழந்தைக்கென்று தனி சீட் வாங்குபவர்களும் வந்துவிட்டார்கள். அதை எப்போது திருப்புவது என்ற கேள்வியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

கழுத்து நிற்பதும் எலும்பு கூடுவதும்

"கழுத்து நிக்கல, கையக் குடுத்துத் தூக்கு" என்று சொல்லாத வீடு நம்மிடம் இல்லை. முதல் மூன்று நான்கு மாதம் பிடரிக்குக் கீழே உள்ளங்கையை வைக்காமல் யாரையும் குழந்தையைத் தூக்க விடமாட்டார்கள். தலை பெரிது, கழுத்து தாங்காது என்ற அறிவு நம் வீட்டுப் பெண்களுக்குத் தலைமுறை தலைமுறையாக உண்டு. அதில் எந்தக் குறையும் இல்லை.

நான்காம் மாதம் வாக்கில் நிற்பது கழுத்தின் தசை. தூக்கினால், உட்கார வைத்தால், இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தால் தலையைத் தாங்கிக்கொள்ள அது போதும். கழுத்தெலும்பின் கதை வேறு. பிறந்த குழந்தையின் முதுகெலும்புக் கண்ணிகள் ஒவ்வொன்றும் முழு எலும்பாக இருப்பதில்லை. துண்டு துண்டாக இருந்து, நடுவே குருத்தெலும்பால் ஒட்டியிருக்கும். மண்டையைத் தாங்கும் முதல் கண்ணியின் பின்வளைவு ஒன்றுகூட ஏறத்தாழ 3 வயதாகிறது. அதற்கடுத்த கண்ணியின் துண்டுகள் 3 வயதிலிருந்து 6 வயதுக்குள்தான் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. இளநீரில் வழுக்கையாக இருப்பதுதான் பிறகு பருப்பாக முற்றுகிறது. மட்டையோடு பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒரு வயதுப் பிள்ளையின் கழுத்தும் அப்படித்தான். வெளியே நிமிர்ந்து நிற்கும், உள்ளே இன்னும் வழுக்கைதான்.

இன்னொன்றும் உண்டு. குழந்தையின் எலும்புகளைக் கட்டியிருக்கும் தசைநார்கள் நன்றாக நீளக்கூடியவை. அவற்றுக்குள் ஓடும் தண்டுவடம் அப்படி நீளாது. பச்சிளம் குழந்தைகளின் முதுகெலும்பை இறப்புக்குப் பின் ஆராய்ந்த ஒரு பழைய மருத்துவ ஆய்வு, எலும்புத் தொடர் 5 சென்டிமீட்டர் வரைகூட அறுபடாமல் நீள்கிறது, தண்டுவடமோ 6 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டால் அறுந்துவிடுகிறது என்று கண்டது. வெளியே ஒரு கீறல் இல்லாமல், எலும்பு முறியாமல், உள்ளே தண்டுவடம் மட்டும் சேதமாகலாம் என்பது இதன் பொருள். எழுதும்போதே வயிற்றைப் பிசைகிறது. ஆனாலும் பெற்றவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கழுத்தின் மேல் இருக்கும் தலை எவ்வளவு பெரிது என்றும் பாருங்கள். பிறந்த குழந்தையின் மொத்த நீளத்தில் கால்பங்கு தலை. வளர்ந்த ஆளுக்கு ஏழில் ஒரு பங்கோ எட்டில் ஒரு பங்கோதான். 10 கிலோ எடையுள்ள ஒரு வயதுப் பிள்ளையின் தலை மட்டுமே சுமார் 2.5 கிலோ இருக்கும்.

இனி ஒரு சின்னக் கணக்கு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி, முன்பக்கம் நசுங்கி, ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நொடியில் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தன் எடையைப்போல 16 மடங்கு விசையோடு முன்னால் பாயப் பார்க்கும். 10 கிலோ பிள்ளை 160 கிலோவாகிவிடுகிறான். நம் ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாகத்தான் நெல்லைப் பிடிக்கிறார்கள். அந்தக் கணக்கில் நான்கு சிப்பம். "மடியில இறுக்கிப் பிடிச்சுக்கறேன்" என்று சொல்லும் அத்தையோ பெரியம்மாவோ கண்மூடித் திறப்பதற்குள் நான்கு சிப்பத்தைப் பிடித்து நிறுத்தவேண்டியிருக்கும். லோடுமேன் தோளுக்கே ஒரு நேரத்தில் ஒரு சிப்பம்தான்.

முன்னோக்கிய சீட்டில், வார் சரியாகப் போட்டிருந்தால், இந்த நான்கு சிப்பத்தில் உடம்பின் பங்கை வார் பிடித்துக்கொள்ளும். தோளும் இடுப்பும் சீட்டோடு நிற்கும். தலையை எதுவும் பிடித்திருக்கவில்லை. 2.5 கிலோ தலை 40 கிலோவாகி, அதாவது முழுசாக ஒரு சிப்பமாகி, அந்த வழுக்கைக் கழுத்தைப் பிடித்து முன்னால் இழுக்கும்.

பின்னோக்கிய சீட்டில் அதே மோதல் நடந்தால் பிள்ளை சீட்டின் குழிவான முதுகுக்குள் அழுந்துவான். தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒன்றாக, ஒரே திசையில், ஒரே அளவில் அழுந்தும். விசை முதுகு முழுவதும் பரவிவிடும், கழுத்தை இழுக்க எதுவும் இருக்காது. கழுத்து நிற்காத குழந்தையைத் தூக்கும்போது பிடரியில் கை கொடுக்கிறோமே, பின்னோக்கிய சீட் செய்வது அந்த வேலையைத்தான். வீட்டில் தூக்கிக் கொஞ்சுவதற்கு நாலு மாதத்தில் அந்தக் கையை எடுத்துவிடலாம். மோதலுக்கு அது இன்னும் சில வருஷம் வேண்டும். அம்மாவிடம் இதை இப்படிச் சொன்னபோதுதான் அவருக்குப் பிடிபட்டது. "அப்ப அது பிடரிக்குக் குடுக்குற கையா?" என்று திருப்பிக் கேட்டார்.

விண்வெளியிலிருந்து வந்த யோசனை

1960-களில் அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்தில் போனவர்கள், கிளம்பும்போது ஏற்படும் விசை முதுகு முழுக்கப் பரவும்படி மல்லாந்த நிலையில் இருந்தார்கள். ஸ்வீடனின் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்டில் ஆல்ட்மன் அதைக் கண்டு, குழந்தையையும் அப்படி வைத்தால் என்ன என்று யோசித்தார். 1964-ல் பின்னோக்கிய குழந்தை சீட்டின் முதல் மாதிரி வால்வோ காரில் சோதிக்கப்பட்டது. அந்த நாட்டில் இன்றும் நான்கு வயது வரை பின்னோக்கி வைப்பது சாதாரண வழக்கம்.

மற்ற நாடுகள் மெல்லத்தான் வந்தன. ஐரோப்பாவின் பழைய விதியான ஆர்44, 9 கிலோ ஆனதும் முன்னோக்கி வைக்கலாம் என்று அனுமதித்தது. 2013-ல் நடைமுறைக்கு வந்த புதிய விதி ஆர்129, 15 மாதம் நிறையும் வரை பின்னோக்கித்தான் என்று கட்டாயமாக்கியது. கிலோவைக் கொண்டு பிரிக்காமல் உயரத்தைக் கொண்டு பிரித்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி 2011-ல் இரண்டு வயது வரை பின்னோக்கி என்றது. 2018-ல் அந்த வயதையும் எடுத்துவிட்டு, சீட்டின் எடை வரம்போ உயர வரம்போ முடியும் வரை பின்னோக்கியே வையுங்கள் என்று மாற்றிச் சொன்னது.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் நேர்மையான ஒரு சங்கதி இருக்கிறது. ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் பின்னோக்கிய நிலை ஐந்து மடங்கு பாதுகாப்பு என்று இணையத்தில் பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது 2007-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்விலிருந்து பரவிய கணக்கு. பின்னர் அதே தரவை மறுபடி கணக்குப் போட்டபோது அந்த எண் நிற்கவில்லை. அடிபட்ட குழந்தைகளின் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்ததால் இத்தனை மடங்கு என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று தெரிந்தது. ஆய்வைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆகவே ஐந்து மடங்கு என்று யாராவது சொன்னால் அதை நான் எடுத்துக்கொள்வதில்லை. கழுத்தெலும்பு எப்போது கூடுகிறது, விசை எப்படிப் பரவுகிறது, ஸ்வீடனின் அரை நூற்றாண்டு அனுபவம் என்ன சொல்கிறது என்பவை அந்த ஓர் ஆய்வை நம்பி இருக்கவில்லை. எனக்கு அவை போதும். இரண்டாவது பிறந்தநாளில் கழுத்துக்கு ஒன்றும் புதிதாக நடந்துவிடுவதில்லை என்பதால், வயதை விட்டுவிட்டுச் சீட்டின் வரம்பைப் பார் என்று 2018-ல் சொன்னதும் சரியாகவே படுகிறது.

ஸ்டிக்கரில் இரண்டு எண்

இந்தியாவில் குழந்தை சீட்டுக்கான தரவிதி ஏஐஎஸ் 072. அது பழைய ஆர்44-ஐ ஒட்டியது. அதனால்தான் நம் கடைகளில் கிடைக்கும் பல சீட்டுகளில் 0 முதல் 18 கிலோ வரை என்று ஓர் ஆரஞ்சு ஸ்டிக்கரோ கையேட்டில் ஒரு படமோ இருக்கும். அதைக் கொஞ்சம் நெருங்கிப் படியுங்கள். பின்னோக்கி 0 முதல் 13 கிலோ. முன்னோக்கி 9 முதல் 18 கிலோ. 9-க்கும் 13-க்கும் நடுவே இரண்டும் செல்லும்.

தஞ்சாவூரில் சீட் வாங்கிய கடையில் தம்பியிடம் சொன்னது: "ஒம்போது கிலோ வந்ததும் திருப்பிடுங்க சார்." தப்பு நடப்பது இங்கேதான். 9 என்பது திருப்ப அனுமதி தொடங்கும் இடம். 13 என்பது பின்னோக்கி வைக்க அனுமதி முடியும் இடம். முடிவெடுக்க வேண்டியது இரண்டாவது எண்ணை வைத்து. பெண்ணுக்குப் பதினெட்டு வயதானால் கல்யாணம் செய்யச் சட்டம் தடுக்காது. அதற்காகப் பதினெட்டாவது பிறந்தநாளன்று பந்தல் போடுகிறோமா என்ன?

இந்த நான்கு கிலோ எவ்வளவு காலம் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அளவுகளில் நடுவில் நிற்கும் ஆண் குழந்தை ஒரு வயதில் 9.6 கிலோ, இரண்டு வயதில் 12.2, மூன்று வயதில் 14.3. பெண் குழந்தை 8.9, 11.5, 13.9. நடுவில் நிற்கும் பிள்ளைக்கே 13 கிலோ வர இரண்டு வயது தாண்டி நாலைந்து மாதமாவது ஆகும். நம் பிள்ளைகளில் நிறையப் பேர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூன்று வயது வரையும் இந்த 13 கிலோ சீட்டே பின்னோக்கி உழைக்கும். பிள்ளை ஒல்லியாக இருக்கிறானே என்று ஊரெல்லாம் கவலைப்படும் வீட்டில், இந்த ஒரு காரியத்தில் ஒல்லி உதவுகிறது.

எடைக்கு எங்கும் அலைய வேண்டாம். அங்கன்வாடியில் எடை பார்க்கிறார்கள், தடுப்பூசி போடும்போதும் அட்டையில் எழுதித் தருகிறார்கள். அந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தராசில் நீங்கள் ஏறி நின்று, பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று கழித்துப் பார்த்தாலும் போதும். உடுப்பு, செருப்போடு உட்காருவான் என்பதால் அதையும் சேர்த்தே பாருங்கள்.

எடை வரம்பு வருவதற்கு முன் உயரம் முடிந்துபோகும் பிள்ளைகளும் உண்டு. பிள்ளையைப் பின்னோக்கி உட்காரவைத்து உச்சந்தலையில் ஒரு புத்தகத்தைப் படுக்கையாக வையுங்கள். அதிலிருந்து சீட்டின் மேல் விளிம்புக்கு ஓர் அங்குலமாவது மிச்சம் இருக்க வேண்டும். கையேடு வேறு அளவு சொன்னால் கையேட்டைக் கேளுங்கள். தோள் வார் இறங்கிவரும் துளை தோளுக்குச் சமமாகவோ கொஞ்சம் கீழேயோ இருக்க வேண்டும். தலைக்கு மேல் அந்த இடம் இல்லாமல் போனாலோ, இருப்பதிலேயே மேல் துளையைவிடத் தோள் வெகுவாக உயர்ந்துவிட்டாலோ அந்தச் சீட்டில் பின்னோக்கிய காலம் முடிந்தது. எடை, தலை, தோள் தவிர வேறு எதுவும் காரணமாகாது.

கைப்பிடி வைத்த கூடை மாதிரிச் சீட்டில் பிள்ளை பத்து மாதத்திலேயே தலை முட்டிவிட்டால் அது முன்னோக்கித் திருப்பச் சொல்லும் அறிகுறி இல்லை. பெரிய சீட்டுக்கு மாறி, அதிலும் பின்னோக்கியே வைக்க வேண்டும். கடையில் அடுத்த சீட் என்று கேட்டால் முன்னோக்கிய சீட்டைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். பின்னோக்கி 18 கிலோ வரை தாங்கும் சீட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நான்கு வயதுப் பிள்ளையின் நடு எடை 16 கிலோதான். அப்படி ஒன்று கிடைத்தால் நான்கு வயது வரைக்கும் கவலை இல்லை.

கால், அழுகை, வெயில்

அப்பாயிக்கு மனசு கேட்காதது காலைப் பார்த்துத்தான். கால் மடங்கினால் வலிக்கும் என்று நினைப்பது நாம் நம் முழங்காலை வைத்துப் பேசுவது. நம் வீட்டுப் பிள்ளைகள் நாற்காலியில் காலைத் தொங்கவிட்டா வளர்கிறார்கள்? தரையில் சம்மணம் போட்டு, குந்தி, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, மணிக்கணக்கில் விளையாடுகிறார்கள். சீட்டுக்குள்ளும் அதையேதான் செய்வார்கள். தம்பி மகன் ஒன்றரை வயதில் தானாகவே சம்மணம் போடக் கண்டுகொண்டான். விபத்தில் கால் முறியாதா என்றால், முன்னோக்கி உட்கார்ந்த பிள்ளைகளுக்குத்தான் காலில் அடி அதிகம். கால் வீசி எழும்பி முன்சீட்டின் முதுகில் மோதுகிறது. அப்படியே முறிந்தாலும் கால் எலும்பு மாவுக்கட்டில் கூடிவிடும்.

அழுகை உண்மையான கஷ்டம். அதை லேசாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நீடாமங்கலம் கேட்டில் அவன் அழுதது திசையால் இல்லை, புழுக்கத்தால். சீட்டின் ஆழமான முதுகுக்குள் ஏசி காற்று சரியாகப் போவதில்லை. அவன் முதுகும் பிடரியும் நனைந்திருந்தன. முன்பக்கக் காற்றுத் துவாரத்தைக் கூரையைப் பார்த்துத் திருப்பிவிட்டால் காற்று மேலே போய்ப் பின்னால் இறங்குகிறது. பின்கண்ணாடிக்கு ஒரு நிழல்திரை, பிள்ளைக்கு மெல்லிய பருத்திச் சட்டை. சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியில் வாரின் உலோக நாக்கைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே பிள்ளையை உட்காரவையுங்கள், பழுக்கக் காய்ந்திருக்கும். சீட்டின் மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டுவிட்டு இறங்குவது நல்ல பழக்கம். முதுகுக்கு அடியில் மெத்தை, தலையணை வைத்துவிட வேண்டாம். மோதலில் அது நசுங்கி வார் தளர்ந்துவிடும்.

முகம் தெரியவில்லையே என்ற குறை வெளிநாட்டில் தனியாக வண்டி ஓட்டும் அம்மாவுக்குப் பெரிய குறை. நம்மிடம் பின்சீட்டில் பிள்ளைக்குப் பக்கத்தில் யாராவது ஒருவர் எப்போதும் இருக்கிறார். அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்தால் பிள்ளை அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வருவான்.

நம்ம ரோட்டுல என்ன வேகம்?

இதுவும் அடிக்கடி வரும் பேச்சு. கும்பகோணத்திலிருந்து பாபநாசம், அய்யம்பேட்டை வழியாகத் தஞ்சாவூர் போகும் பழைய ரோட்டில் நாற்பதைத் தாண்டுவதே அபூர்வம் என்பது உண்மைதான். ஆனால் அதே ரோட்டில் எதிரே வரும் தனியார் பஸ்ஸுக்கு நம் வேகம் தெரியாது. நேருக்கு நேர் மோதினால் இரண்டு வேகமும் கணக்கில் வரும், நம்மைவிடப் பல மடங்கு கனமான வண்டி என்றால் அடி மொத்தமும் நம் பக்கம். குறுவை அறுப்பு, சம்பா அறுப்புக் காலங்களில் ரோட்டில் பாதியை மறித்து நெல் காய்கிறது. ஓரத்தில் கல் அடுக்கியிருக்கும். ராத்திரியில் பின்விளக்கு இல்லாமல் வைக்கோல் கட்டு ஏற்றிய டிராக்டர் ஊர்ந்துபோகும். இவற்றுக்கெல்லாம் திடீர் பிரேக்தான் பதில். இப்போது விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலையும் சேர்ந்துகொண்டது. அதில் ஏறியவுடன் முள் எண்பதைத் தாண்டுவதை யாரும் கவனிப்பதில்லை.

பின்னாலிருந்து இடித்தால் பின்னோக்கிய சீட் ஆபத்தாகாதா என்று தம்பியே கேட்டான். நல்ல கேள்வி. பின்னாலிருந்து இடிப்பதில் இரண்டு வண்டியும் பெரும்பாலும் ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கும். வேக வித்தியாசம்தான் அடியாக வரும். உயிரை எடுக்கும் மோதல்களில் பெரும்பங்கு முன்பக்கமும் பக்கவாட்டிலும் நடப்பவை. ஆர்129 சோதனையில்கூட முன்மோதலை 50 கிலோமீட்டரிலும் பின்மோதலை 30 கிலோமீட்டரிலும் பார்க்கிறார்கள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தாலும் பின்னோக்கிய நிலைக்கே தராசு சாய்கிறது.

எனக்குப் பெரிய கவலை வேறு. வைத்தீஸ்வரன்கோயிலில் மொட்டை, காதுகுத்து என்று கிளம்பும்போது ஒரே காரில் எட்டுப் பேர் ஏறுவோம். முதலில் கழற்றப்படுவது பிள்ளையின் சீட். அது டிக்கிக்குப் போகும், பிள்ளை மடிக்குப் போவான். சீட் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று வருஷம் முழுக்கக் கவனமாக இருந்துவிட்டு, ரோட்டில் கூட்டம் அதிகமாக இருக்கும் அந்த ஒரு முகூர்த்த நாளில் சீட்டே இல்லாமல் போவதை நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது. இரண்டு பேர் பஸ்ஸில் வரட்டும்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயது நிறையாத பிள்ளையை சீட் பெல்ட்டோ குழந்தைக்கான பாதுகாப்பு அமைப்போ இல்லாமல் காரில் கொண்டுபோனால் 1000 ரூபாய் அபராதம். சீட் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை அந்தப் பிரிவு சொல்லவில்லை. இந்தியக் கார்களை மோதவிட்டுப் பார்த்த குளோபல் என்கேப் சோதனைகள் பலவற்றில் மூன்று வயதுப் பொம்மையையே பின்னோக்கிய சீட்டில்தான் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். முன்சீட்டில் ஏர்பேக் வேலை செய்யும் நிலையில் இருந்தால் அங்கே பின்னோக்கிய சீட்டை ஒருபோதும் வைக்கக் கூடாது. ஏர்பேக் விரியும் வேகத்தில் சீட்டின் முதுகை, அதாவது பிள்ளையின் தலைக்குப் பின்னால், நேராக அடிக்கும்.

சிங்கப்பூர், துபாய், அமெரிக்கா என்று நம் பக்கத்திலிருந்து போனவர்கள் ஊருக்கு வரும்போது சீட்டையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நல்ல மனசு. வாங்கியதும் சீட்டைக் கவிழ்த்து அடிப்பகுதி பிளாஸ்டிக்கில் காலாவதித் தேதி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே விபத்தில் சிக்கியதா என்று கேளுங்கள். அமெரிக்க சீட்டில் வரம்பு பவுண்டில் இருக்கும். 40 பவுண்டு என்றால் 18 கிலோ, 50 பவுண்டு என்றால் 22.7. பின்னோக்கிய வரம்பு இவ்வளவு உயரமாக இருப்பது அவற்றின் நல்ல குணம். ஆனால் அங்கத்திய காரின் பெல்ட் சீட்டை இறுக்கிப் பூட்டிக்கொள்ளும். நம் கார்களின் பெல்ட் பெரும்பாலும் திடீரென இழுத்தால் மட்டும்தான் பிடிக்கும். சீட்டிலேயே பெல்ட்டைக் கவ்விப் பூட்டும் அமைப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதை நம்புங்கள்.

திருப்பும் நாள் வந்தால்

வரம்பு முடிந்து திருப்பும்போது நான்கு காரியம் மாற வேண்டும். பெரும்பாலும் ஒன்றுதான் மாறுகிறது. தம்பியின் சீட்டில் ஓரத்தில் நீல நிறத்தில் ஒரு பெல்ட் பாதை, சிவப்பு நிறத்தில் ஒரு பெல்ட் பாதை இருக்கிறது. நீலம் பின்னோக்கிக்கு, சிவப்பு முன்னோக்கிக்கு. சீட்டைத் திருப்பிவிட்டு பழைய பாதையிலேயே பெல்ட்டை விட்டால் மோதலில் சீட்டே பிய்த்துக்கொண்டு வரும். தோள் வாரின் துளை இப்போது தோளுக்குச் சமமாகவோ மேலேயோ ஏற வேண்டும், பின்னோக்கியதற்கு நேர்மாறு. சாய்வைக் குறைத்து நிமிர்த்த வேண்டும். சீட்டின் தலைப்பக்கத்திலிருந்து ஒரு மேல்வார் இருந்தால், அதைக் காரில் அதற்கென்று இருக்கும் கொக்கியில் மாட்டி இறுக்க வேண்டும். மோதலில் தலை முன்னால் போகும் தூரத்தை அந்த ஒரு வார் 10 முதல் 15 சென்டிமீட்டர் குறைக்கிறது. முன்சீட்டின் முதுகில் நெற்றி மோதுவதும் மோதாததும் அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது.

எந்தப் பக்கம் பார்த்தாலும், தோளில் வாரைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு பிடிக்க வந்தால் இன்னும் இறுக்க வேண்டும். பெல்ட் போகும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது.

பெல்ட்டைத் தேடும்போது சீட் கவருக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். கார் வாங்கிய கையோடு கவர் தைத்துப் போட்டதில் பின்சீட்டு பெல்ட்டின் பூட்டு உள்ளே புதைந்திருக்கும். தம்பி காரில் நான் துழாவி எடுத்தபோது பூட்டின் வாயில் முறுக்குத் தூள் அடைத்திருந்தது. ஊசியால் கிளறி எடுத்த பிறகுதான் டக்கென்று பூட்டியது. அன்றைக்கே அம்மாவுக்கும் பிள்ளையின் வாரைப் பூட்டவும், சிவப்புப் பொத்தானை அழுத்திக் கழற்றவும் சொல்லிக் கொடுத்தோம். அந்தப் பொத்தான் கெட்டியாக இருக்கும், வயதானவர்களுக்கு இரண்டு கட்டைவிரலும் வேண்டியிருக்கும். வெண்ணாற்றங்கரையை ஒட்டியே வண்டி ஓட்டும் நமக்கு, வண்டியில் இருக்கும் எல்லோருக்கும் அதைக் கழற்றத் தெரிந்திருப்பது அவசியம்.

பிள்ளைக்கு இப்போது இரண்டு வயது நான்கு மாதம். போன வாரம் அங்கன்வாடியில் எடை போட்டபோது 11.6 கிலோ. தலைக்கு மேலே இன்னும் மூன்று விரல் மிச்சம் இருக்கிறது. தம்பியின் சீட்டில் 13 என்று போட்டிருக்கிறது.